பிணை நின்றவள்

2 ஒக்டோபர் 2023

மஞ்சள் உடுப்பு இன்று என் பொறுப்புக்கு வந்தது. முதுகில் இருபத்திரண்டு கொக்கிகள். வரைந்தவர் ஒரு நாள் தானே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஒரு சிப் வைத்தால் ஒரே இழுவையில் முடிகிற வேலை. ஆனால் கதை பழைய காலத்தியதாம், சிப் கூடாதாம். பின்னால் நின்று பாடுகிற நாற்பது பேரும் மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு வருவார்கள், அதற்கு மட்டும் பழைய காலம் குறுக்கே வராது.

உடுப்புப் பகுதித் தலைவி மதாம் கோர்தியே கதையைச் சொன்னார். கிரேக்க நாட்டின் பழைய துன்பக் கதை ஒன்றை இந்தக் காலத்துத் தாடிக்காரர் ஒருவர் பிரெஞ்சு ஒப்பராவாக்கியிருக்கிறார். படை கப்பலேற நிற்கிறது, காற்று இல்லை. ராசா தன் மூத்த மகளைப் பலி கொடுத்தால்தான் காற்று வரும் என்று குறி சொல்கிறார்கள். ராசா அவளுக்குக் கல்யாணம் என்று பொய் சொல்லி ஆள் அனுப்புகிறான். பிள்ளை கல்யாண உடுப்போடு வருகிறது. அதுதான் இந்த மஞ்சள்.

நல்லது என்றேன். பதினொரு வருடமாக இந்த அரங்கில் பாடகர்களுக்கு உடுப்புப் போட்டுவிடுகிறேன். எத்தனை பேர் இங்கே செத்தார்கள் என்று எண்ணிக்கையில்லை. செத்தவர்கள் எழும்பி வீட்டுக்குப் போவார்கள், கறை எனக்கு.

5 ஒக்டோபர்

மகள் நிலானி மருந்துக்கடை வேலை முடிந்து வந்ததும் வராததுமாக, கார்த்திகை இருபத்தேழு, மாவீரர் நாள் அன்று மண்டபத்தில் தன்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அக்காவைப் பற்றி, பிரெஞ்சிலும் தமிழிலும். கொப்பியும் பேனையுமாகக் குசினிக்குள் வந்து நின்றாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

எப்போதும் சொல்வதைத்தான் சொன்னேன். 2007 கார்த்திகையில் உனக்கு இருதயத்தில் ஓட்டை, ஏழு வயது. கிளிநொச்சியில் இருந்து வெளியே வர இயக்கத்திடம் பாஸ் எடுத்து உன்னைக் கொழும்புக்கு வைத்தியத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டு கிழமைப் பாஸ். வந்த இடத்தில் அப்பா பிரான்சில் இருந்து ஏஜென்சி ஒழுங்கு செய்துவிட்டார், பாதையும் சிக்கல், திரும்ப முடியவில்லை. அக்கா சுகிர்தா அங்கே தங்கியிருந்தாள். பிறகு இயக்கத்துக்குத் தானாகப் போனாள். 2009 மாசியில் வீரச்சாவு என்று செய்தி வந்தது.

'தானாகப் போனாள்' என்பதை நிலானி இரண்டு கோடு போட்டு எழுதினாள். அந்த ஓட்டையை இந்த ஊரில் நல்லபடியாக அடைத்துவிட்டார்கள். நெஞ்சில் ஒரு தழும்பு மட்டும். நிலானியின் அப்பா செத்து மூன்று வருடமாகிறது. இனி இந்தக் கதையை முழுதாகத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். அதை அப்படியே வைத்திருப்பேன். பிள்ளை என்னை விட்டுப் போனால் எனக்கு வேறு யார்?

9 ஒக்டோபர்

ஒத்திகை. பலியாகிற பெண்ணாகப் பாடுகிறவள் கமீய். இருபத்தைந்து வயது, வாய் ஓயாது, எந்நேரமும் வாழைப்பழம். என்னைத் 'தவா' என்பாள். தவமலர் என்று சொல்ல அவளுடைய நாக்கு வளையவில்லை.

ஒரு விசித்திரம். புல்லாங்குழல், கொம்பு என்று ஊதுகிறவர்கள் பதினான்கு பேரும் மடியில் வாத்தியத்தை வைத்துக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் சும்மா இருக்கிறார்கள். காற்று இல்லாத கதையென்பதால் தாடிக்காரர் ஊதவே விடவில்லை. தந்தியும் மேளமும்தான். அந்தப் பெண்ணை வெட்டியதும் பதினான்கு பேரும் ஒன்றாக ஊதுகிறார்கள். சுரம் இல்லை, வெறும் மூச்சு.

வெட்டுவதற்கு முன்பு எனக்கு ஐம்பது வினாடி. மேடைப் பக்கத்து இருட்டில் மஞ்சளைக் கழற்றி வெள்ளையைப் போட்டு, முடியை அவிழ்த்து அனுப்ப வேண்டும். இன்று எழுபது எடுத்தது.

13 ஒக்டோபர்

அறுபத்தொன்று. லா சப்பல் தமிழ்க் கடைகளில் பாரை மீன் இல்லை, விளைமீன் வாங்கினேன்.

19 ஒக்டோபர்

சுகிர்தா பிறந்த நாள். கேசரி கிண்டி படத்துக்கு முன்னால் வைத்தேன். நிலானி விளக்குக் கொளுத்திவிட்டு, "அக்கா இருந்தா இண்டைக்கு முப்பத்திநாலு" என்றாள். மண்டபத்தில் வைக்கிற பெரிய படத்தில் 1989 என்றுதான் இருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்தவள் வேறு எப்படிச் சொல்வாள்?

முப்பத்திரண்டு. இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

22 ஒக்டோபர்

நிலானி அந்தப் படத்தைத் தன் பேஸ்புக்கில் போட்டிருக்கிறாள். சுவிசில் இருந்து பவானி என்று ஒருத்தி கீழே எழுதியிருக்கிறாளாம்: 'சுகி என் வகுப்பு. வருடம் பிழை. நாங்கள் எல்லோரும் 1991.' வேறு யாரோ சுகிர்தாவாக இருக்கும், வன்னியில் தெருவுக்கு ஒரு சுகிர்தா என்றேன். நிலானி தலையாட்டினாள். பிறகு நெடுநேரம் போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பவானியை எனக்குத் தெரியும். பின்வளவுக்காரரின் மகள். முன்பல் இரண்டும் பெரிது.

24 ஒக்டோபர்

இன்று வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல் நெறியாளரோடு கதைத்துவிட்டேன். பழைய கதையில் பலிபீடத்தில் பெண்ணுக்குப் பதிலாக ஒரு மான் கிடந்ததாம், தெய்வம் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். இவர்கள் அந்த மானை வெட்டிவிட்டார்கள். அதாவது கதையிலிருந்து வெட்டிவிட்டார்கள். இந்தக் காலத்தில் யார் நம்புவார்கள் என்று கேட்கிறார் நெறியாளர். நான் நம்புவேன் என்றேன். உடுப்புக்காரி ஒப்பராவைப் பற்றிக் கதைக்கிறாளே என்று எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மானை எடுத்தவர்கள் மற்றதை விட்டிருக்கிறார்கள். கடைசியில் அந்தப் பெண், நானே விரும்பிப் போகிறேன் என்று பாடுகிறாள். வாத்தியம் ஒன்றும் இல்லை, தனிக் குரல். அந்தப் பெண் அதை மனதாரச் சொல்கிறாளா, அப்பாவின் முகத்தைக் காப்பாற்றச் சொல்கிறாளா என்று கமீய் தினமும் கேட்கிறாள். நெறியாளர் பதில் சொல்வதில்லை. இன்று என்னிடம் கேட்டாள். மனதாரத்தான் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்றாள். கொக்கிகளைப் பூட்டிக்கொண்டே இருந்தேன். ஐம்பத்திரண்டு வினாடி.

28 ஒக்டோபர்

உடுப்புத் தோய்க்கிற நாள். நிலானி மடித்துத் தந்துகொண்டே கேட்டாள், "அம்மா, அந்த நேரம் வெளியிலை போறதெண்டா ஆராவது பிணை நிக்கவேணுமாமே. எங்களுக்கு ஆர் நிண்டது?"

பவானி சொல்லியிருப்பாள். அது உண்மைதான். பாஸ் கேட்டுப் போனால், போகிறவர் திரும்பி வருவார் என்று ஒருவர் பிணைப் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். வராவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். முன்வீட்டு ஆறுமுகதாஸ் மாஸ்டர் என்றேன். நல்ல மனிசன் என்று நிலானி மாஸ்டரின் பெயரையும் கொப்பியில் எழுதினாள்.

மாஸ்டர் தான் நிற்கிறேன் என்று இரண்டு தரம் வந்து கேட்டது பொய்யில்லை.

1 நவம்பர்

சகல புனிதர்கள் திருநாள், விடுமுறை. முழங்கால் வலி. எண்ணெய் பூசிக்கொண்டு படுத்திருந்தேன்.

3 நவம்பர்

கடைசி ஒத்திகை, முழு உடுப்போடு. வேலைக்காரரின் குடும்பங்களும் பார்க்கலாம் என்பதால் நிலானி வந்திருந்தாள். முன்பு நான் கூப்பிட்டால் தூக்கம் வரும் என்பாள். இந்தத் தரம் தானே கேட்டு வந்தாள்.

மாற்றுகிற இடத்தில் ஒரு பிசகு. வெள்ளை உடுப்பின் கொக்கி மாட்டிக்கொண்டது. கமீய் நேரத்துக்கு மேடைக்குப் போகவில்லை. இசை நடத்துகிறவர் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார்.

4 நவம்பர்

கமீயின் வலது மணிக்கட்டில் நாலு விரல் தடம், நீலமாக. மேக்கப் பெண் பவுடர் போட்டு மறைத்தாள். கொக்கி மாட்டியது, என் தவறு, நான் அசைந்துவிட்டேன் என்று கமீய் மதாமிடம் சொல்லியிருக்கிறாள். அவ்வளவு நல்ல பிள்ளை. என்னிடம் மட்டும் மெதுவாக, நீ ஏதோ சொன்னாய் தவா, உன் மொழியில், திரும்பத் திரும்ப ஒரே சொல், என்ன அது என்று கேட்டாள். நினைவில்லை என்றேன்.

'போகாதை' என்றுதான் சொல்லியிருப்பேன்.

மதாம் என்னை ஆண்கள் பகுதிக்கு மாற்றிவிட்டார். படைவீரர் இருபது பேரின் சப்பாத்து. ஓய்வெடுக்கிறாயா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். வீட்டில் இருந்து யாருடைய முகத்தைப் பார்ப்பது?

8 நவம்பர்

நேற்று முதல் காட்சி. நன்றாகப் போனதாம். சனம் எழுந்து நின்று கை தட்டியதாம். நான் சப்பாத்துக்குள் பேப்பர் அடைத்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் அந்த மூச்சு வந்தபோது வெளியே போய் நின்றேன்.

ஒத்திகை பார்த்த நாள் தொட்டு நிலானி என்னோடு அதிகம் கதைப்பதில்லை. இன்று சாப்பிட்டுக்கொண்டே, அந்த ராசாவுக்கு இன்னொரு மகளும் இருந்தவளாமே, அவள் ஏன் மேடைக்கே வரவில்லை என்று கேட்டாள். அவள் சின்னப்பிள்ளை என்றேன்.

சனிக்கிழமை பவானி வருகிறாளாம், உறவுக்காரர் கல்யாணத்துக்கு. மத்தியானம் இங்கே சாப்பிட வரும்படி நிலானி சொல்லிவிட்டாளாம். என்னைக் கேட்கவில்லை. நண்டு வாங்க வேண்டும்.

11 நவம்பர்

பவானி வந்தாள். பல்லைச் சீராக்கியிருக்கிறாள், வடிவான பெண். இரண்டு பிள்ளைகள். "அன்ரி, அப்பிடியே இருக்கிறியள்" என்று கையைப் பிடித்தாள். நண்டுக் கறியைப் புகழ்ந்தாள். வருடத்தைப் பற்றியே கதைக்காமல் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவிவிட்டு வந்து நிலானியைப் பார்த்து இருந்துகொண்டு, ஆனால் எனக்குத்தான் சொன்னாள்.

"அன்ரி, உங்களை நோகப்பண்ண வரேல்லை. சுகிக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. நிலானி கேட்டாள்.

தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழையும் பள்ளிக்கூட ரிப்போட்டையும் நான் பையின் அடியில் வைத்ததைச் சுகிர்தா பார்த்தாளாம். இரண்டு கிழமைக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் ரிப்போட்டை ஏன் கொண்டுபோகிறார்கள் என்று பவானியிடம் கேட்டுவிட்டுத் தானே சிரித்தாளாம். அடுத்த நாள் என்னோடு வந்து பிணைப் படிவத்தில் கையெழுத்து வைத்தாள். பாஸ் குடுக்கிற மேசையில் இருந்த இயக்கப் பொடியன் வயது என்னவென்று அவளையே கேட்டான். பதினெட்டு என்றாள்.

பவானி பிறகு சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நீங்கள் போன பிறகு ஒவ்வொரு பின்னேரமும் பஸ் வாற இடத்துக்குப் போவா. நானும் கூடப் போவன். எல்லாரும் பாக்க ரோட்டிலை நிப்பா. அம்மா வருவா எண்டு ஆக்கள் நம்பவேணுமெல்லே, இல்லாட்டி அங்காலை சொல்லி அவையை மறிச்சுப்போடுவாங்கள் எண்டுவா. பதினாலு நாளும் போனவ. பதினைஞ்சாம் நாள் நான்தான் வா எண்டு கூப்பிட்டன். இனித் தேவையில்லை, அவை பிளேன் ஏறியிருப்பினம் எண்டவ."

தை மாதம் இயக்கத்தார் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். பதினாறு வயது என்று மாஸ்டர் போய்ச் சண்டை பிடித்தாராம். படிவத்தை எடுத்துக் காட்டினார்களாம். தாய் எழுதிக் கொடுத்தது, பதினெட்டு.

பவானி நாலு மணி ரயிலுக்குப் போய்விட்டாள். மிச்ச நண்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

12 நவம்பர்

நேற்று எழுத முடியாததை இன்று எழுதுகிறேன். வெளியே மழை, வேலை இல்லை.

பவானி போனதும் நிலானி என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். கொப்பி கையில் இல்லை. "எப்ப முடிவெடுத்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

ஏஜென்சிக்காரன், பாதை, அப்பா என்று வழக்கமான மூன்றும் வாய்க்கு வந்தன. மூன்றையும் விழுங்கினேன். ஆவணியில் என்றேன்.

ஆவணியில் அவளுடைய அப்பா போன் எடுத்தார். இரண்டு பேருக்குத்தான் ஒழுங்கு என்றார். சுகிர்தாவின் வயதுப் பிள்ளைகளை எப்படியும் வெளியே விட மாட்டார்கள், சின்னவளுக்கு வைத்தியக் கடிதம் இருக்கிறது, இப்போது இவளைக் கொண்டுவா, பெரியவளைப் பிறகு பார்ப்போம் என்றார். சரியென்று சொன்னது நான். மூன்று மாதம் அவளோடு ஒரே பாயில் படுத்து எழும்பினேன், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிழமையில் வந்துவிடுவேன், கோழிகளைப் பார்த்துக்கொள் என்றுதான் சொன்னேன்.

நிலானி மாஸ்டரைப் பற்றிக் கேட்டாள். அவர் நிற்கிறேன் என்று கேட்டதாகப் பவானி சொன்னாளே, பிறகு ஏன் அக்கா?

இதை நான் நிலானியின் அப்பாவுக்குக்கூடச் சொன்னதில்லை. மாஸ்டர் பிணையென்றால் அந்தப் பொடியன் யோசிப்பான். அயலவரை விட்டுவிட்டு ஓடியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் பெற்ற பிள்ளையைப் பிணை வைத்துவிட்டுப் போகிற தாய் திரும்பி வராமல் விடுவாளா? அவன் என்னை நம்ப வேண்டும் என்றுதான் சுகிர்தாவை நிறுத்தினேன். பிணை நிற்பவருக்குப் பதினெட்டு வேண்டுமென்றார்கள். 1989 என்று எழுதினேன். அவன் படிவத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கவனமாப் போட்டு வாங்கோ அம்மா என்று சொல்லிப் பாஸைத் தந்தான்.

அந்த வருடம் அவளை என்ன செய்யும் என்று அன்றைக்கு நினைக்கவேயில்லை. பாஸ் கிடைக்கிறதா என்பது மட்டும்தான் என் மண்டைக்குள் இருந்தது.

உனக்காகத்தான் என்று தொடங்கினேன். நிலானி கையை நீட்டி மறித்தாள்.

"எனக்காக எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. நான் கேக்கேல்லை. அக்காவும் கேக்கேல்லை."

பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அழுகிற சத்தம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருக்கிறது. பதினாறு வருடமாக, சுகிர்தா ஒன்றும் தெரியாமல் ரோட்டில் எங்களைப் பார்த்து நின்றிருப்பாள் என்று நினைத்து அழுதேன். அவள் எங்களுக்காகக் காவல் நின்றிருக்கிறாள்.

15 நவம்பர்

இருபது சோடி சப்பாத்து. நிலானி வேலைத் தோழி வீட்டில் தங்குகிறாள்.

20 நவம்பர்

கடைசிக் காட்சி முடிந்தது. மஞ்சள் உடுப்பு பெட்டிக்குள் போகிறது. கமீய் வந்து கன்னத்தில் முத்தம் தந்தாள். அந்தப் பெண் மனதாரச் சொன்னாளா இல்லையா, இன்னும் எனக்குத் தெரியவில்லை தவா என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்றேன். மனதாரவா என்றாள். சப்பாத்துகளை அடுக்கப் போனேன்.

24 நவம்பர்

நிலானி வந்து உடுப்பு எடுத்தாள். திங்கட்கிழமை மண்டபத்துக்கு வருவீர்களா என்று கேட்டாள். வருவேன் என்றேன். நீ என்ன பேசப் போகிறாய் என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

27 நவம்பர்

மண்டபம் நிறைய சனம். வரிசை வரிசையாகப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் பூவும் விளக்கும். நேரத்தோடு போய் அமைப்பாளரைப் பிடித்தேன். தலை நரைத்த, மரியாதையான மனிதர். வருடத்தை மாற்ற வேண்டும் என்றேன். பதிவில் அப்படித்தான் இருக்கிறது அம்மா என்றார். பதிவுக்கு எழுதிக் கொடுத்ததே நான், அது பிழை, அவள் செத்தபோது வயது பதினேழு என்றேன். அவர் சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, இண்டைக்கு இதைக் கதைக்க வேண்டாம். இவ்வளவு காலமும் இருந்தது இருக்கட்டும்."

இவ்வளவு காலமும் நான் சொன்னதும் இதுதானே. என் கதிரைக்குத் திரும்பினேன்.

நிலானியின் பெயரைச் சொல்லி, தானாக முன்வந்து போன வீராங்கனையின் தங்கை என்று கூப்பிட்டார்கள். கொப்பி இல்லாமல் போனாள். ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். அதிகம் பேசவில்லை. என் அக்கா சுகிர்தா, 1991 ஒக்டோபர் பத்தொன்பதில் பிறந்தவள் என்றாள். நானும் அம்மாவும் வெளியே வருவதற்காகப் பதினாறு வயதில் பிணை நின்றவள், நாங்கள் திரும்பிப் போகவில்லை, அவளைக் கொண்டுபோனார்கள் என்றாள். விரும்பிப் போனாள் என்று ஒரு காலமும் சொல்ல மாட்டேன், அவளை யாரும் கேட்கவில்லை என்றாள். இதை அப்படியே பிரெஞ்சிலும் சொன்னாள். அமைப்பாளர் கையைக் காட்ட, அடுத்த நிகழ்ச்சிக்கான இசையைப் போட்டுவிட்டார்கள். என் பக்கத்தில் இருந்த மனிசி பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினாள். எனக்குக் கோபம் வரவில்லை.

நிலானி இறங்கி வந்து அக்காவின் படத்தை ஆணியில் இருந்து எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

ரயிலில் எனக்கு எதிரே இருந்தாள். படம் அவளுடைய மடியில், முகம் அவளைப் பார்த்தபடி. மூன்று தரிப்பு தாண்டியது. பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"நாங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கு அக்கா என்ன சட்டை போட்டிருந்தவ?"

எனக்குத் தெரியவில்லை. என்ன நிறம், கை வைத்ததா, முடியைப் பின்னியிருந்தாளா, ஒன்றும் வரவில்லை. அரங்கில் பதினொரு வருடத்தில் யார் எந்தக் காட்சிக்கு என்ன உடுத்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். பஸ்ஸுக்கு வெளிக்கிட்டபோது அவள் படலையில் நின்றாள் என்பது தெரியும். பொய் சொல்வதென்றால் ஒரு நிறத்தைச் சொல்லியிருக்கலாம். நிலானியும் நம்பியிருப்பாள்.

"நான் திரும்பிப் பாக்கேல்லை," என்றேன்.